பத்தாவதோட நின்னுட்டேன், திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலை, இனி டிகிரி படிக்க முடியுங்களா?

முடியுங்க அம்மிணி, வேலைய விடாமயே முடியும். நானும் செக்கிங் டேபிள்ல நின்னுக்கிட்டே தான் பி.காம் முடிச்சேன், இப்ப ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். ஆனா உங்க கேள்வில "+2 இல்லாமயே நேரா டிகிரி சேத்து விடறேன்னு ஒருத்தர் சொல்றாரு"ன்னு போட்ருக்கீங்க பாருங்க, அத படிச்சதும் பக்குனு ஆயிருச்சு. அத மட்டும் பண்ணிராதீங்க.

தமிழ்நாட்ல பத்தாவது, +2 இல்லன்னா அதுக்கு சமமான படிப்பு, அப்பறம் டிகிரி, இந்த வரிசைல படிச்சா தான் அரசு வேலைக்கு அந்த டிகிரி செல்லும். 2009ல சுப்ரீம் கோர்ட்லயே தீர்ப்பு வந்துச்சு, அதே வருஷம் ஆகஸ்ட்ல அரசாணை 107ம் போட்டாங்க. எங்கூட வேலை பாத்த ஒரு அக்கா +2 எழுதாம திறந்தநிலைல டிகிரி வாங்கிட்டு டிஎன்பிஎஸ்சிக்கு ராப்பகலா படிச்சாங்க, கடைசில இந்த டிகிரி செல்லாதுன்னு தெரிஞ்சப்ப அவங்க மொகத்த பாக்கவே முடியல. சேத்து விட்ட ஆள் இத பத்தி ஒரு வார்த்த சொல்லல. எனக்கு இன்னும் ஆத்தரம் தீரலைங்க. அதனால மொதல்ல +2வ தனித்தேர்வரா எழுதி முடிங்க, கொஞ்சம் லேட்டானா ஆகட்டும்.

அப்பறம் எங்க சேர்றதுன்னா, உங்க ஷிப்ட பாத்து முடிவு பண்ணுங்க, கோர்ஸ் பேர பாத்து இல்ல. காலைல எட்டரைக்கு உள்ள போனா ஒன்றரை ஷிப்ட் முடிஞ்சு ராத்திரி தான் வெளிய வர்றோம், இதுல தினமும் காலேஜ் போறதெல்லாம் நடக்காது. தொலைதூரக் கல்வி தான் சரி. இக்னோ (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) இருக்கு, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கு. இக்னோல ஜூன், டிசம்பர்னு வருஷத்துக்கு ரெண்டு தடவ பரீட்ச, மூணு வருஷ டிகிரிய முடிக்க ஆறு வருஷம் வரைக்கும் டைம் இருக்கு, ஷிப்மெண்ட் நெருக்கடில ஒரு பேப்பர் விட்டுப் போச்சுன்னா அடுத்த தடவ எழுதிக்கலாம். நம்மள மாதிரி ஆளுகளுக்கு இது நெம்ப பெரிய விஷயம். பரீட்ச தேதி வந்த அன்னிக்கே சூப்பர்வைசர்கிட்ட லீவு சொல்லி வெச்சுருங்க.

யார் என்ன சொன்னாலும் பணம் கட்றதுக்கு முன்னாடி அந்த பல்கலைக்கழகத்துக்கு, அந்த கோர்ஸுக்கு, அந்த வருஷத்துக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி இருக்கான்னு யுஜிசியோட தொலைதூரக் கல்வி வெப்சைட்ல நீங்களே பாத்துருங்க. அனுமதி இருந்தா அந்த டிகிரியும் ரெகுலர் டிகிரியும் ஒண்ணு தான்னு யுஜிசியே 2022ல சொல்லிருச்சு. ஆனா இஞ்சினியரிங், மருத்துவம், சட்டம் மாதிரி படிப்பெல்லாம் இப்பிடி தபால்ல படிக்க முடியாது. உங்க தம்பி டிப்ளமோ முடிச்சுட்டு வேலைல இருக்கறதா எழுதிருக்கீங்க, அவர கோயமுத்தூர்ல ஜிசிடி, சிஐடி, பிஎஸ்ஜி டெக் மாதிரி இஞ்சினியரிங் காலேஜுகள்ல வேலை பாத்துக்கிட்டே படிக்கற பி.இ இருக்கான்னு விசாரிக்க சொல்லுங்க, சாயங்காலம் தான் கிளாஸு.

படிக்க நேரம் எங்க இருக்குன்னு கேட்ருக்கீங்க. ராத்திரி வந்து படிக்கலாம்னு நெனைக்காதீங்க, கால் வலிக்கு புக்க தொறந்ததும் தூக்கம் தான் வரும். நான் வெள்ளென எந்திரிச்சு சோறு வேகற நேரத்துல படிச்சேன். செக்கிங்ல துணில டேமேஜ் இருக்கற எடத்துல ஒட்டுவோம்ல, அம்பு ஸ்டிக்கர், அதயே அக்கவுண்டன்சி புக்குல புரியாத வரிக்கு நேரா ஒட்டி வெச்சுக்குவேன், ஞாயித்துக்கிழமை கிளாஸ் போறப்ப ஸ்டிக்கர் இருக்கற பக்கத்த மட்டும் தொறந்து சார்கிட்ட கேப்பேன், புரிஞ்சதும் பிச்சுருவேன்.

இன்னொண்ணு. இப்ப தொலைதூரத்துல சேர ஏபிசி ஐடி (நம்ம படிப்புக் கணக்க சேத்து வெக்கற நம்பர்), டெப் ஐடி (யுஜிசியோட தொலைதூரக் கல்விப் பிரிவு குடுக்கற நம்பர்) ரெண்டும் வேணும், அதுக்கு ஆதார் வேணும். பத்தாவது மார்க் ஷீட்ல அப்பா இனிஷியல் இருக்கும், கல்யாணத்துக்கு அப்பறம் ஆதார்ல வீட்டுக்காரர் இனிஷியல் மாத்திருப்பீங்க, பேர் ஒத்து வராம அட்மிஷன் நேரத்துல அலைய விட்ருவாங்க. இந்த வாரம் சம்பளம் வாங்குனதும் மார்க் ஷீட்டையும் ஆதாரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எழுத்துக்கு எழுத்து பாருங்க, வித்தியாசம் இருந்தா ஆதார மார்க் ஷீட்ல இருக்கற மாதிரி திருத்திட்டு +2வுக்கு அப்ளை பண்ணுங்க.