பழைய லிஃப்ட் கிட்டில் எதை வாங்கலாம், எதை விட்டுவிட வேண்டும்?

கேள்வி: என்னிடம் இசுசூ டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப் இருக்கிறது. தேயிலைத் தோட்டப் பாதையில் வண்டியின் அடிப்பாகம் கல்லில் இடிக்கிறது. வண்டியை உயர்த்தப் பொருத்தும் 2 அங்குல லிஃப்ட் கிட்டை, இதே மாடல் வண்டியிலிருந்து கழற்றியதைத் தெரிந்தவர் ஒருவர் பாதி விலைக்குத் தருகிறார். முன்பக்கக் காயில் ஸ்பிரிங், பின்பக்கத்துக்குக் கூடுதல் ஸ்பிரிங் பட்டைகள், ஷாக் அப்சார்பர், யூ போல்ட் எல்லாம் அதில் இருக்கின்றன. உள்ளூர் மெக்கானிக்கை வைத்தே பொருத்திக்கொள்ளலாமா?
— வாசகர், கோத்தகிரி

பதில்: பணம் கொடுப்பதற்கு முன், வண்டிக்கு அடியில் படுத்து, எந்த இடத்தில் கல் உரசிய தழும்பு இருக்கிறது என்று பாருங்கள். பின் ஆக்சிலின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் உருண்டையில் தழும்பு இருந்தால், இந்தக் கிட்டால் உங்களுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடப் பயனில்லை. ஏனெனில் லிஃப்ட் கிட் வண்டியின் சட்டகமான சேசிஸைத்தான் உயர்த்தும், சக்கரங்களோடு இணைந்த ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். முன்பக்கத்திலோ பக்கவாட்டுப் படிக்கட்டிலோ இடித்தால் மட்டுமே மேற்கொண்டு யோசியுங்கள்.

அப்போதும் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்கிறது. காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

இனி, சாமான்களுக்கு வருவோம். யூ போல்ட்டை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். முறுக்கும்போது அது இம்மியளவு நீண்டு, அந்த இழுவிசையால்தான் ஸ்பிரிங் பட்டைகளின் அடுக்கை ஆக்சிலோடு சேர்த்துக் கவ்வுகிறது. ஒருமுறை நீண்டு மரை தேய்ந்த போல்ட்டில், முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் சரியான அளவைக் காட்டினாலும் பிடிப்பு இருக்காது; பிடிப்புத் தளர்ந்தால், பட்டைகளைக் கோத்திருக்கும் சிறிய சென்டர் போல்ட் ஒடிந்து, ஆக்சில் ஒரு பக்கமாக நழுவிவிடும். கோத்தகிரி இறக்கத்தில் அது நடக்க வேண்டாம். பழைய ஷாக் அப்சார்பரையும் நான் வாங்க மாட்டேன்.

ஸ்பிரிங்கை வாங்கலாம். பட்டைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, நடு ஓட்டையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். காயில்கள் இரண்டையும் சமதளத்தில் நிறுத்தி உயரத்தை அளந்துகொள்ளுங்கள். சில கிட்டுகளில் ஓட்டுநர் பக்கத்துக் காயில் வேண்டுமென்றே சற்று உயரமாக இருக்கும் என்பதால், அதன்மேல் உள்ள பாக எண்ணை ஒப்பிட்ட பிறகே தளர்ந்துவிட்டது என்ற முடிவுக்கு வாருங்கள். முந்தைய வண்டியில் இரும்பு பம்பரும், சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் வின்ச்சும் இருந்தனவா என்றும் கேளுங்கள். அந்தக் கனத்துக்கென வாங்கிய காயில், வெறும் வண்டியை 2 அங்குலத்துக்கும் மேலே தூக்கி, முன் சக்கரங்களுக்கு விசையைக் கடத்தும் டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டுகளான சிவி ஜாயின்ட்டுகளை அளவுக்கு மீறிய கோணத்தில் ஓடவைத்துத் தேய்த்துவிடும்.

காயிலை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரசர் இல்லாத பட்டறையில் முன்பக்க வேலையைக் கொடுக்காதீர்கள். அழுத்திய காயில் நழுவினால் ஆளையே கொன்றுவிடும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்தாக வேண்டும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளின் கடைசி முறுக்கு, வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நின்ற பிறகுதான். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு சில மாதங்களில் கிழிந்துவிடும். சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடவில்லை என்று நீங்களே பாருங்கள். பின் பிரேக்குக்குச் சுமை உணரும் வால்வு உள்ள வண்டியென்றால், சேசிஸ் உயர்ந்ததைச் சுமை இறங்கியதாக எடுத்துக்கொண்டு அது பின் பிரேக்கைக் குறைத்துவிடும் என்பதால் அதன் பிராக்கெட்டையும் சரிசெய்ய வேண்டும்.

பிறகு வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் உயரம் இரண்டையும் சரிபார்த்து, 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை, 500 கிலோமீட்டரில் மறுமுறை யூ போல்ட் நட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் முறுக்கச் சொல்லுங்கள்.