ஆர்லாண்டோவில் டிப்ஸ்: மிக்கிக்கு வேண்டாம், சர்வரை மறக்க வேண்டாம்

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "டிசம்பரில் ஆர்லாண்டோ போகிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா என்று ஆறு பேர். டிஸ்னி வேர்ல்ட் ஓட்டலில் இரண்டு ரூம், ஆறு ராத்திரி. டிப்ஸ் விஷயம்தான் குழப்பம். எல்லோருக்கும் 20 சதவீதம் கொடுத்தே ஆகணும் என்கிறான் மச்சினன். ஆபீஸ் நண்பர் ஒருவரோ, நான் போனபோது ஒரு பைசா கொடுக்கவில்லை, யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்கிறார். யாருக்கு, எவ்வளவு, எப்படிக் கொடுப்பது? ரைடில் பெல்ட் மாட்டிவிடுகிறவர், மிக்கி மவுஸ், இவர்களுக்குமா?"

மச்சினன் சொல்வதும் சரியில்லை, நண்பர் சொல்வதும் சரியில்லை. நண்பரிடம் யாரும் எதுவும் கேட்காதது உண்மையாகத்தான் இருக்கும், அங்கே முகத்துக்கு நேரே யாரும் கேட்க மாட்டார்கள். அவர் வெளியே போன பிறகு உள்ளே என்ன பேசினார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்!

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அங்கே நீங்கள் பார்க்கப்போகும் ஊழியர்களில் சிலருக்கு டிப்ஸையும் சேர்த்துத்தான் சம்பளமே கணக்கு, சிலருக்கு முழுச் சம்பளம் உண்டு, டிப்ஸ் வாங்கக் கூடாது. ஆர்லாண்டோ இருக்கும் புளோரிடா மாநிலத்தில் 2025 செப்டம்பர் 30 முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 14 டாலர். ஆனால் டிப்ஸ் வாங்குகிற வேலையில் இருப்பவருக்கு முதலாளி 10.98 டாலர் கொடுத்தால் போதும், மீதி 3.02 டாலர் டிப்ஸில் வந்துவிடும் என்று சட்டமே கழித்து வைத்திருக்கிறது. 2026 செப்டம்பர் 30 முதல் இது 15 டாலர், 11.98 டாலர் என்று ஏறும், இடைவெளி அதே 3.02. புளோரிடாவாவது பரவாயில்லை, அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி டிப்ஸ் வேலைக்கு முதலாளி தரவேண்டிய கூலி மணிக்கு 2.13 டாலர்தான், அதுவும் 1991-லிருந்து நகரவே இல்லை. இதற்கு மேல் இன்னொரு சங்கதி: பல உணவகங்களில் சர்வர் அன்றைக்கு விற்ற தொகையைக் கணக்கிட்டு அதில் ஒரு பங்கை மேஜை துடைக்கிறவருக்கும் பாரில் நிற்கிறவருக்கும் தரவேண்டும், ஆகவே நீங்கள் ஒன்றும் வைக்காமல் எழுந்து போனால் அவருக்கு வரவு இல்லை என்பதோடு முடியாது, உங்கள் மேஜைக்காக அவர் கைக்காசு போகும். நம் ஊரில் சோம்புத் தட்டில் பத்து ரூபாய் வைப்பதோடு இதைச் சேர்த்துப் பார்க்காதீர்கள்.

ரைடு பக்கம் நிற்பவர்கள், பஸ் டிரைவர், ரிசப்ஷனில் இருப்பவர், போட்டோ எடுப்பவர், கடையில் பில் போடுபவர், வேஷம் போட்டவர்கள், இவர்களெல்லாம் அடுத்த ரகம். 2023 மார்ச்சில் டிஸ்னி வேர்ல்டும் தொழிற்சங்கங்களும் போட்ட ஒப்பந்தத்தில், டிப்ஸ் இல்லாத வேலைகளுக்குத் தொடக்கச் சம்பளம் அந்த ஆண்டு முடிவதற்குள் மணிக்கு 18 டாலர் என்று ஆனது. இவர்களிடம் நோட்டை நீட்டினால் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்பார்கள், நீங்கள் வற்புறுத்தினால் அவருக்குத்தான் சங்கடம். மிக்கியால் வாய் திறந்து வேண்டாம் என்றுகூடச் சொல்ல முடியாது, பாவம். ஒருவர் உங்கள் அம்மாவைக் கைபிடித்து ரைடில் ஏற்றி இறக்கினார், அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால் சட்டையில் இருக்கும் பெயரைப் பார்த்து வைத்துக்கொண்டு டிஸ்னியின் போன் ஆப்பிலேயே அவரைப் பற்றி நாலு வரி பாராட்டு எழுதி அனுப்பலாம். மேலதிகாரி வரை போகும், அவர்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் இதே பயணத்தில் நியூயார்க்கும் போகிறீர்கள் என்றால், டைம்ஸ் ஸ்கொயரில் நிற்கிற மிக்கி டிஸ்னியின் ஆள் கிடையாது, போட்டோ எடுத்த கையோடு காசு கேட்பார். பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் முன் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்.

இனி சாப்பாடு, பணம் அதிகம் போகும் இடம் இதுதான். நீங்களே கவுன்ட்டரில் அல்லது ஆப்பில் ஆர்டர் செய்து தட்டைத் தூக்கிக்கொண்டு போய் உட்காரும் பார்க் கடைகளில் டிப்ஸ் கிடையாது. உட்கார்ந்த இடத்துக்கு சர்வர் வந்து ஆர்டர் எடுத்தால் 18 முதல் 20 சதவீதம். பஃபே என்றால் நாமேதானே எடுத்துப் போட்டுக்கொள்கிறோம் என்று கேட்பீர்கள். ஜூஸ் கொண்டுவருவதும் காலித் தட்டை எடுப்பதும் சர்வர்தான், மிக்கியும் கூஃபியும் மேஜைக்கு வரும் பஃபேக்களிலும் அதே கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கான பில்லும் பெரிசாகவே இருக்கும். சாப்பாட்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டும் டைனிங் பிளான் வாங்கியிருந்தாலும் டிப்ஸ் அதில் சேராது.

உங்கள் குடும்பத்துக்கு ஒரு தனிச் செய்தி. டிஸ்னி வேர்ல்டில் உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களில் ஆறு பேரோ அதற்கு மேலோ போனால் 18 சதவீதம் தானாகவே பில்லில் ஏறிவிடும், பிள்ளைகளும் தலைக்கணக்கில் உண்டு. ஆகவே அங்கே எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வியே உங்களுக்கு இல்லை, இரண்டு தடவை கொடுத்துவிடாமல் இருப்பதுதான் உங்கள் வேலை. நான் ஆர்லாண்டோவுக்குக் குடிவந்த புதிதில், ஊரிலிருந்து வந்த சித்தி குடும்பத்தோடு ஏழு பேராக ஒரு கடைக்குப் போனேன், பெயர் வேண்டாம். சாப்பாடு 230 டாலர், அதன் கீழே 'கிராஜுவிட்டி' (டிப்ஸுக்கு இன்னொரு பெயர்) என்று 41.40 டாலர், பிறகு வரி, பிறகு மொத்தம், அதற்கும் கீழே 'டிப்' என்று காலியாக ஒரு கோடு. சித்தப்பா பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று நானும் பெரிய மனுஷனாக அந்தக் கோட்டில் 46 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். காரில் ஏறின பிறகுதான் மனைவி ரசீதைப் பார்த்தாள். திரும்பிப் போய்க் கேட்க வெட்கம், போகவில்லை. அதனால்தான் சொல்கிறேன், கிராஜுவிட்டி அல்லது சர்வீஸ் சார்ஜ் என்ற வார்த்தை பில்லில் எங்கேயாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள், இருந்தால் அந்தக் கோட்டில் ஒரு சுழி போட்டுவிட்டு மொத்தத்தை அப்படியே கீழே எழுதுங்கள். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. சுற்றுலாக்காரர் அதிகம் வரும் இன்டர்நேஷனல் டிரைவ் பக்கம், ஆறு பேர் இல்லாவிட்டாலும் இதைப் போட்டுவிடும் கடைகள் உண்டு. புளோரிடா சட்டப்படி மெனுவிலும் பில்லிலும் அதைச் சொல்லியாக வேண்டும், தேடிப் பாருங்கள். உணவகங்கள் சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் போடக் கூடாது என்று நம் ஊரில் 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னதை நினைத்துக்கொண்டு சர்வீஸ் சார்ஜை எடுத்துவிடுங்கள் என்று அங்கே போய் வாதம் செய்யாதீர்கள், அந்த உத்தரவு இந்தியாவோடு சரி.

அப்பா சைவம் என்றால் அனிமல் கிங்டம் லாட்ஜில் இருக்கும் சனா உணவகத்தைச் சொல்வேன், பலவகை ரொட்டியும் சட்னிகளும் ஒரே தட்டில் வரும், இந்தியச் சாயல் உள்ள சாப்பாடு. அங்கே ஆறு பேருக்கு 150 டாலர் ஆனால் 18 சதவீதம் 27 டாலர். அதை ரூபாயாக்கிப் பார்த்தால் இரண்டாயிரத்துக்கு மேல், அப்பா நிச்சயம் ஆக்கிப் பார்ப்பார். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே சாப்பாட்டு விலையில் கால் பங்கு கூடத்தான் ஆகும், வரியும் டிப்ஸும் சேர்த்து, என்று அவரிடம் சொல்லி வைத்துவிடுங்கள், மேஜையில் உட்கார்ந்து பஞ்சாயத்து நடக்காது.

நாலைந்து பேராகப் பிரிந்து சாப்பிடும் நாளில் நீங்களே எழுத வேண்டியிருக்கும். கார்டை சர்வர் வாங்கிப்போய்த் தேய்த்துவிட்டு இரண்டு சீட்டு கொண்டுவருவார், ஒன்று கடைக்கு, ஒன்று உங்களுக்கு. கடைச் சீட்டில் டிப்ஸ் தொகை, மொத்தம், கையெழுத்து மூன்றும் வேண்டும். வரிக்கு முந்திய தொகையில் சதவீதம் கணக்கிட்டால் போதும், சீட்டின் அடியில் 18, 20, 22 என்று அச்சிட்டிருப்பது சில கடைகளில் வரியையும் சேர்த்துப் போட்ட கணக்கு. நம் பழக்கத்தில் 27/- என்று எழுதிவிடாதீர்கள், அந்தக் கோடு அங்கே யாருக்கும் புரியாது, 1 என்றும் படிப்பார்கள். 27.00 என்று எழுதுங்கள். பிறகு போனில் வரும் எஸ்எம்எஸ்-ஐப் பார்த்துப் பதறாதீர்கள், முதலில் டிப்ஸ் இல்லாத தொகை வரும், ஓரிரு நாளில் டிப்ஸ் சேர்ந்த தொகை கணக்கில் ஏறும். டாலரை முன்பே ஏற்றி வைக்கும் ஃபாரெக்ஸ் கார்டில் மட்டும், பில்லுக்குச் சரியாகப் பணம் வைத்திருந்தால் கார்டு செல்லாமல் போகலாம், சில கடைகள் டிப்ஸுக்காகக் கூடுதலாகவே தொகையைப் பிடித்து வைக்கும்.

பார்க்குக்கு வெளியே காபிக் கடையிலோ ஐஸ்கிரீம் கடையிலோ திரையை உங்கள் பக்கம் திருப்பி 18, 20, 25 என்று காட்டுவார்கள். வரிசையில் நின்று வாங்கிய காபிக்கு 'நோ டிப்' அழுத்தலாம், நானே அழுத்துகிறேன். பாரில் ஒரு டிரிங்குக்கு ஒன்று அல்லது இரண்டு டாலர். தயிரும் பாலும் வாங்க பப்ளிக்ஸ் சூப்பர் மார்க்கெட் போனால் ஒரு பையன் பையைக் கார் வரை தூக்கி வருவான், அவனுக்கும் கொடுக்காதீர்கள், அவர்களுக்கு வாங்க அனுமதி இல்லை.

ஓட்டலில், ரூம் சுத்தம் செய்கிறவரைத்தான் நம்மவர்கள் மறக்கிறோம், ஏனென்றால் அவரை நாம் பார்ப்பதே இல்லை. ஒரு ரூமுக்கு ஒரு தடவைக்கு 3 முதல் 5 டாலர். கடைசி நாள் மொத்தமாக வைக்காதீர்கள், நாளுக்கு ஒருவர் வருவார், ஐந்து நாள் குப்பையை அள்ளினவருக்கு இல்லாமல் ஆறாம் நாள் வந்தவருக்குப் போகும். மேஜையில் சும்மா கிடக்கும் பணத்தைப் பெரும்பாலும் தொட மாட்டார்கள், நீங்கள் மறந்து வைத்ததாக நினைப்பார்கள், அதனால் ஒரு துண்டுக் காகிதத்தில் 'ஹவுஸ்கீப்பிங், தேங்க் யூ' என்று ஆங்கிலத்தில் எழுதி அதன் மேல் வையுங்கள். தினமும் சுத்தம் செய்ய வராத ஓட்டல்களும் உண்டு, வருகிற நாளில் வைத்தால் போதும். பெட்டி தூக்கி வருபவருக்குப் பெட்டிக்கு ஒன்று இரண்டு டாலர், வாலே பார்க்கிங்கில் காரைத் திருப்பிக் கொண்டுவருபவருக்கு 2 முதல் 5. ஊபர், லிஃப்ட் (Lyft) வாடகைக் கார்களுக்கு ஆப்பிலேயே 15, 20 சதவீதம். வெளி ஓட்டல்களில் 'ரிசார்ட் ஃபீ' என்று நாள்கணக்கில் வாங்குவது ஓட்டலுக்குப் போகிற காசு, டிப்ஸ் அல்ல.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒருவர் இருக்கிறார். அப்பா அம்மாவுக்கு வீல்சேர் கேட்டிருப்பீர்கள், ஊரிலிருந்து வரும் முக்கால்வாசிப் பெரியவர்கள் கேட்பதுதான். விமானத்தின் வாசலிலிருந்து இமிக்ரேஷன் வரிசை, பெட்டி எடுக்கும் இடம் என்று கடைசி வரை தள்ளிக்கொண்டு வருபவருக்கு ஒரு வீல்சேருக்கு 5 டாலராவது கொடுங்கள், நேரம் இழுத்தால் 10. அவர் வாய் திறந்து கேட்கக் கூடாது என்பது விதி, அதனால் சும்மா நிற்பார்.

இதெல்லாம் ஆர்லாண்டோ கணக்கு, டிஸ்னி பார்க் விட்டு யுனிவர்சல் போனாலும் சர்வருக்கு இதே வழக்கம்தான். டோக்கியோ டிஸ்னிக்கு யாராவது இதைப் படித்துவிட்டுப் போனால் வம்பு, ஜப்பானில் டிப்ஸ் வழக்கமே இல்லை, மேஜையில் வைத்த காசைத் திருப்பிக் கொடுக்க ஓடி வருவார்கள். பாரிஸில் சர்வீஸ் விலையிலேயே சேர்ந்திருக்கும். சிங்கப்பூர் செந்தோசாவில் உட்கார்ந்து சாப்பிடும் கடைகளில் பெரும்பாலும் 10 சதவீதம் பில்லிலேயே இருக்கும், அதோடு சரி.

கையில் எவ்வளவு வைத்துக்கொள்வது? இரண்டு ரூம், ஆறு நாள், நாளுக்கு 3 டாலர் என்றால் 36. வீல்சேர் இரண்டுக்கு, போக வர, 20 முதல் 40. பெட்டிகள், ஷட்டில் வேனில் சாமான் ஏற்றுபவர் என்று 20, 25. ஆக 100 டாலர் போதும், ஆனால் அது நாற்பது ஒரு டாலர் நோட்டும் பன்னிரண்டு ஐந்து டாலர் நோட்டுமாக இருக்க வேண்டும். ஊரில் டாலர் மாற்றும்போது நூறும் ஐம்பதுமாகத்தான் நீட்டுவார்கள், சில்லறை நோட்டு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம், இல்லையென்றால் ஓட்டல் ரிசப்ஷனில் மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்றும் ஐந்தும் இருபதும் எல்லாம் ஒரே அளவு, கிட்டத்தட்ட ஒரே நிறம், ஒன்று என்று நினைத்து இருபதைக் கொடுத்தவர்கள் நிறையப் பேர். டிப்ஸ் நோட்டைத் தனிப் பர்ஸில் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள், கணக்குச் சரியாக இருக்கும். திரும்பும்போது மிஞ்சுகிற ஒரு டாலர் நோட்டுகளை ஊரில் யாரும் நல்ல விலைக்கு வாங்க மாட்டார்கள், அதனால் கடைசியாக வீல்சேர் தள்ளி வந்து விமானத்தில் ஏற்றிவிடுகிறவர் கையில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு ஏறுங்கள்.