பழைய லேப்டாப்பைத் தள்ளிவிடச் சொல்கிறார் கடைக்காரர், என்ன செய்யலாம்?

கேள்வி: எங்களிடம் 2017-இல் வாங்கிய லேப்டாப் இருக்கிறது. ஐ5-7200யு பிராசசர், 8 ஜி.பி. ராம், 1 டி.பி. ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்தால் எழுந்து நிற்கவே ஐந்து நிமிடம் ஆகிறது. கணவர் தன் பெயரில் ஜவுளி வியாபாரம் செய்கிறார். டாலி கணக்கு, ஜி.எஸ்.டி. தாக்கல் எல்லாம் இதில்தான். மகள் பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். "விண்டோஸ் 10 முடிந்துபோனது. இதைக் கொடுத்துவிடுங்கள், 4,000 ரூபாய் கழித்துக்கொண்டு ஒரு ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சீர்செய்த) லேப்டாப்பில் விண்டோஸ் 11, ஆபீஸ் எல்லாம் போட்டுத் தருகிறேன்" என்கிறார் கடைக்காரர். கொழுந்தனார் 2017 மாடல் மேக்புக் ஏர் ஒன்று விலைக்கு வருகிறது என்கிறார். லினக்ஸ் போட்டால் போதும் என்கிறான் என் தம்பி. 30,000 ரூபாய்க்குள் எதைச் செய்வது? — ஈரோடு வாசகி

பதில்: முதலில் அந்த 4,000 ரூபாய்க்குப் பழைய லேப்டாப்பைக் கொடுத்துவிடாதீர்கள். அது கெட்டுப்போகவில்லை. அதில் மூச்சு வாங்குவது ஹார்டு டிஸ்க் மட்டும்தான்.

எந்தக் கம்ப்யூட்டர், எந்த ஓ.எஸ். (விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம்) என்று தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். உங்கள் வீட்டில் வேறு எங்கும் நகர மறுக்கும் மென்பொருள் எது என்று பாருங்கள். மகளின் பாடம், இணையம், வங்கி, யூடியூப், கடிதம் அடிப்பது எல்லாம் எந்த ஓ.எஸ்.ஸிலும் நடக்கும். நகராதது டாலி ஒன்றுதான். அது விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டது. லினக்ஸில் ஒயின் என்ற இடைமென்பொருளை வைத்து ஓட்டிக் காட்டுபவர்கள் உண்டு. வியாபாரக் கணக்கை அதை நம்பி வைக்காதீர்கள். ஆகவே இந்த வீட்டுக்கு நேர்மையான லைசென்ஸ் உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒன்று போதும். இரண்டாவது கம்ப்யூட்டர் எதுவாகவும் இருக்கலாம்.

"விண்டோஸ் 10 முடிந்துபோனது" என்பது பாதி உண்மை. மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவை நிறுத்தியது. ஆனால் வீட்டுப் பயனர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை தரும் திட்டம் இருக்கிறது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போனால் 'என்ரோல் நௌ' என்ற இணைப்பு தெரியும். அது தெரியவில்லையென்றால் உங்கள் விண்டோஸ் இன்னும் 22எச்2 பதிப்புக்கு வராமல் இருக்கலாம். முதலில் அந்த அப்டேட்டை முடியுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து செட்டிங்ஸ் பேக்கப்பை இயக்கினால் காசு கிடையாது. இதைச் சொல்லிக் கொடுத்தால் கடைக்கு வியாபாரம் இல்லை, அதனால் யாரும் சொல்வதில்லை. உங்களுக்குத் தேவையான அவகாசம் இதில் கிடைத்துவிடும். அவசரப்பட்டு எதையும் வாங்க வேண்டாம்.

உங்கள் லேப்டாப்புக்கு விண்டோஸ் 11 முறைப்படி வராது. பிராசசர் பெயரில் கோடுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள்: 7200 என்றால் 7-ஆம் தலைமுறை. இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11-க்கு அனுமதி. 8250 என்றால் 8-ஆம் தலைமுறை, 1135 என்றால் 11, 1235 என்றால் 12. நன்றாக உழைக்கும் பிராசசரைக் கணக்கிலிருந்தே தூக்கி, லட்சக்கணக்கான வீடுகளைப் புதிதாக வாங்க வைக்கும் முடிவு இது. நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டி.பி.எம். என்னும் பாதுகாப்புச் சில்லு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையைத் தாண்டிவிடும் பென் டிரைவ் கொண்டு பழைய லேப்டாப்பிலும் விண்டோஸ் 11-ஐ ஏற்றிவிடலாம். கடைகள் அதைத்தான் செய்கின்றன. அப்படி ஏற்றியதற்குத் தொடர்ந்து அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது. மறுபடி கடைக்குத்தான் நடக்க வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்புகள் 'விண்டோஸ் 11 லேப்டாப்' என்று விற்பனைக்கு நிற்பது இப்படித்தான். மேலே ஐ7 ஸ்டிக்கர் வேறு ஒட்டியிருக்கும். ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள், டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் பிராசசரின் முழுப் பெயர் இருக்கும்.

இனி "ஆபீஸ் எல்லாம் போட்டுத் தருகிறேன்" என்ற வாக்கியம். உங்கள் கேள்வியில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். 8-ஆம் தலைமுறையும் அதற்கு மேலும் உள்ள பிராண்டட் அலுவலக லேப்டாப்புகள் பெரும்பாலும் விண்டோஸ் 10 லைசென்ஸோடுதான் தொழிற்சாலையை விட்டு வந்தன. அந்தச் சாவி மதர்போர்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். அதே எடிஷன் விண்டோஸ் 11-ஐப் புதிதாக ஏற்றி இணையத்தில் இணைத்தால் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். யாரும் எதையும் 'போட்டுத் தர' வேண்டியதில்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், உள்ளே இருப்பது ஹோம் சாவி, கடைக்காரர் கையில் இருக்கும் பென் டிரைவில் இருப்பது ப்ரோ. இரண்டும் பொருந்தாது. உடனே கே.எம்.எஸ். என்னும் களவுக் கருவியை ஓட்டுகிறார். அந்தக் கருவி ஓட வேண்டுமென்றால் விண்டோஸின் வைரஸ் காவலை அணைக்க வேண்டும், அல்லது சில ஃபோல்டர்களைப் பார்க்காதே என்று அதற்குக் கட்டளை தர வேண்டும். அதே கம்ப்யூட்டரில்தான் உங்கள் கணவர் வங்கிக் கணக்கைத் திறப்பார்.

கடையிலேயே கண்டுபிடிக்கலாம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன். 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்று வர வேண்டும். 'யுவர் ஆர்கனைசேஷன்ஸ் ஆக்டிவேஷன் சர்வீஸ்' என்று வந்தால், எந்த நிறுவனமும் இல்லாத உங்கள் வீட்டுக்கு அது எப்படி வந்தது? வேண்டாம் என்று எழுந்துவிடுங்கள். அடுத்து விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பகுதிக்குள் போய் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலைத் திறந்து பாருங்கள். அது காலியாக இருக்க வேண்டும். வேர்டு திறந்து அக்கவுண்ட் பக்கத்தில் 'புரொஃபஷனல் பிளஸ்' என்று இருந்தால் அது பெரிய நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கும் வகை. இலவசமான லிப்ரே ஆபீஸ் உங்கள் வீட்டு வேலைக்குத் தாராளமாகப் போதும். 'டாஸ் லேப்டாப்' என்று சில ஆயிரம் குறைத்து விற்பதிலும் இதே பொறி உண்டு: அதில் விண்டோஸே கிடையாது, பின்னால் ஏறுவது பெரும்பாலும் களவுச் சரக்கு.

மேக்புக்குக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2017 மேக்புக் ஏர் மான்டரே என்ற மேக் ஓ.எஸ். பதிப்போடு நின்றுவிட்டது. அந்தப் பதிப்புக்கு இப்போது பாதுகாப்பு அப்டேட்டும் வருவதில்லை. இன்டெல் பிராசசர் உள்ள மேக் எதையும் இனி வாங்காதீர்கள்; மேக் ஓ.எஸ். 26-தான் அவற்றுக்குக் கடைசி என்று ஆப்பிளே அறிவித்துவிட்டது. ஆப்பிளின் சொந்த எம்1 பிராசசரோ அதற்குப் பின் வந்ததோ உள்ள மேக்குகள் அருமையான இயந்திரங்கள், ஆனால் டாலி அவற்றில் நேரடியாக ஓடாது. குரோம்புக்கும் அப்படியே.

டாலிக்காக வாங்கப்போகும் கம்ப்யூட்டருக்கு வருவோம். இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது ஏ.எம்.டி. ரைசன் 3000 வரிசை, அல்லது அவற்றுக்கு மேல், 8 ஜி.பி. ராம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. (ஹார்டு டிஸ்க்கைவிடப் பல மடங்கு வேகமான சேமிப்பு). இதற்கு மேல் டாலி எதையும் கேட்காது. 'புதியது' என்ற ஒரே காரணத்துக்காக செலரான் என்4020 பிராசசரும் 64 ஜி.பி. இ.எம்.எம்.சி. சேமிப்பும் உள்ள மலிவு லேப்டாப்பை வாங்கிவிடாதீர்கள். விண்டோஸ் அப்டேட் இறங்கவே இடமிருக்காது, அந்தச் சேமிப்பு போர்டோடு ஒட்டியிருப்பதால் மாற்றவும் முடியாது. அதைவிட, தின்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் போன்ற பழைய அலுவலக லேப்டாப் எவ்வளவோ மேல். கணக்கு எழுதும் இடம் ஒன்றே என்றால் கையகல மினி டெஸ்க்டாப்பும் நல்லது, அதற்கு 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று கட்டாயம் வேண்டும். மின்சாரம் போகும் நொடியில் டாலி டேட்டா கெடுவது எளிது.

ரீஃபர்பிஷ்டு என்றால் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். கமாண்ட் பிராம்ப்டில் ஒரே வரிக் கட்டளை. 'டிசைன் கெப்பாசிட்டி' 50,000 என்றும் 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' 25,000 என்றும் இருந்தால் பாதி பேட்டரி போய்விட்டது, விலையைக் குறையுங்கள். பயாஸுக்குள் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் திறக்கக்கூடிய அமைப்புப் பகுதி) போய்க் காட்டச் சொல்லுங்கள்; பாஸ்வேர்டு கேட்டால் அந்த லேப்டாப் வேண்டாம். எல்லாவற்றையும் விட முக்கியம், உங்கள் முன்னாலேயே 'ரீசெட்' செய்து, வைஃபை இணைத்து, முதல் அமைப்புத் திரை வரை கொண்டுவரச் சொல்லுங்கள். அங்கே ஏதோ ஒரு கம்பெனியின் பெயரும் அதன் அலுவலக மின்னஞ்சலும் கேட்டால், அந்த நிறுவனத்தின் பட்டியலிலிருந்து லேப்டாப் இன்னும் விடுவிக்கப்படவில்லை. என்றைக்கு விண்டோஸை மறுபடி ஏற்றினாலும் அங்கே வந்து நிற்கும். பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும். அடியில் ஒட்டியிருப்பதும் பயாஸில் தெரிவதும் அதே எண்ணாக இருக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. இதற்கு டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் (யு.எஸ்.பி.யில் செருகும் மின்கையொப்பக் கருவி) வேண்டும், அது ஓட இன்ன கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டோக்கன் கட்டாயம் என்பது கம்பெனிகளுக்கும் எல்.எல்.பி.க்களுக்கும்தான். உங்கள் கணவரைப் போலத் தனிப்பெயரில் வியாபாரம் செய்பவர், பதிவு செய்த மொபைலுக்கு வரும் ஓ.டி.பி.யை வைத்தே தாக்கல் செய்யலாம். டாலியிலிருந்து எடுத்த ஜேசன் ஃபைலை எந்த ஓ.எஸ்.ஸில் உள்ள பிரவுசர் வழியாகவும் ஏற்றலாம். அந்த மொபைல் யாருடையது என்று இன்றே பாருங்கள். பதிவு செய்து கொடுத்த இடைத்தரகர் தன் எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டு வைத்திருப்பது சர்வசாதாரணம், ஓ.டி.பி. அவருக்குப் போகும் வரை அவர் கேட்ட காசைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். லாகின் உங்களிடம் இருந்தால் 'நான்-கோர்' திருத்தத்தில் மாற்றலாம். இல்லையென்றால் உங்கள் பகுதி வரி அலுவலரிடம் எழுதிக் கொடுத்து மாற்ற வேண்டும். இத்தனைக்கும் மேல், அரசின் ஜி.எஸ்.டி. ஆஃப்லைன் கருவி விண்டோஸில் மட்டும்தான் ஓடுகிறது. மக்கள் பணத்தில் செய்த கருவி ஒரே ஒரு நிறுவனத்தின் ஓ.எஸ்.ஸில் மட்டும் ஏன் ஓட வேண்டும்?

பழைய லேப்டாப் மகளுக்கு. தம்பி சொன்னது இங்கே சரி. 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்குங்கள், 240 அல்லது 256 ஜி.பி. போதும். 2025 கடைசியிலிருந்து ராம், எஸ்.எஸ்.டி. விலை ஏறிக் கிடப்பதால் இரண்டு மூன்று கடையில் விசாரியுங்கள். கழற்றும் ஹார்டு டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், ஒரு யு.எஸ்.பி. உறையில் போட்டால் பழைய ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கும்.

அதில் லினக்ஸ் மின்ட் 22 ஏற்றுங்கள். 2029 வரை ஆதரவு உண்டு, காசு கிடையாது, 8 ஜி.பி. ராமில் ஓடும். மின்ட் ஃபைலை 8 ஜி.பி. பென் டிரைவில் எட்சர் மென்பொருளால் எழுதி, லேப்டாப் எழும்போது எஃப்12 (எச்.பி. என்றால் எஃப்9) அழுத்தினால் பூட் பட்டியல் வரும். ஏற்றுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்க முடியும். வைஃபை, ஒலி, கேமரா, பிரிண்டர் நான்கையும் அங்கேயே சோதியுங்கள். வைஃபை வரவில்லையென்றால் மொபைலை யு.எஸ்.பி.யில் செருகி இணையம் கொடுத்து, ஏற்றி முடித்தபின் 'டிரைவர் மேனேஜர்' திறக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யே தெரியவில்லை என்றால் பயாஸில் 'ரெய்டு' என்று இருப்பதை 'ஏ.எச்.சி.ஐ.' ஆக்குங்கள். எச்.பி. பிரிண்டர்கள் பெரும்பாலும் செருகியதும் ஓடும். நம் ஊரில் பரவலாக இருக்கும் கேனான் எல்.பி.பி. 2900 லினக்ஸில் மிகவும் படுத்தும். அது உங்களிடம் இருந்தால் டாலி கம்ப்யூட்டரில் மட்டும் இணையுங்கள்.

மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன்னுக்கு சி++, பிளஸ் டூவுக்குப் பைதான். பைதான் மின்ட்டிலேயே இருக்கிறது. சி++ எழுதத் தேவையான ஜி++ கம்பைலரும் கோட் பிளாக்ஸும் சாஃப்ட்வேர் மேனேஜரில் இலவசம். பள்ளியில் டெவ் சி++ காட்டினாலும் எழுதும் புரோகிராம் ஒன்றேதான். தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. இன்புட் மெதட் அமைப்பில் ஐபஸ் என்னும் தட்டச்சு மென்பொருள் வழியாகச் சேர்க்க வேண்டும்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் என்ரோல். பிறகு டாலி கம்ப்யூட்டரை வாங்குங்கள். டாலி பிரைமில் ஆல்ட்-ஒய் அழுத்தி 'பேக்கப்' எடுத்து, பென் டிரைவில் ஒரு பிரதி, மொபைலில் ஒரு பிரதி. அடுத்ததாகப் பழைய லேப்டாப்பில் எஃப்1, செட்டிங்ஸ், லைசென்ஸ் என்று போய் 'சரண்டர்' கொடுங்கள். அதன் பிறகே புதிய கம்ப்யூட்டரில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். சரண்டர் செய்யாமல் டிஸ்க்கைக் கழற்றிவிட்டால் லைசென்ஸ் பழைய லேப்டாப்பின் பெயரிலேயே மாட்டிக்கொள்ளும், ஆதரவு மையத்துக்குப் போன் போட்டு நாளைக் கழிக்க நேரலாம். புதிய கம்ப்யூட்டரில் கணக்கு சரியாகத் திறந்து, கடைசி பில் வரை இருக்கிறது என்று உங்கள் கணவர் பார்த்துச் சொன்ன பிறகு பழையதன் திருகைக் கழற்றுங்கள்.