பளபளத்தால் அசல் ஆகிவிடுமா? ஸ்போக்ஸ் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: 1960களில் வாங்கிய அப்பாவின் புல்லட் 350-ஐ அசல் தோற்றத்துக்குக் கொண்டுவரும் வேலையில் இருக்கிறேன். கோவையில் ரிம்முக்குக் குரோம் போடும்போது ஸ்போக்ஸையும் சேர்த்தே போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
*வாசகர், குன்னூர்*

பதில்: ரிம்மைக் கொடுங்கள். கம்பியை, அதாவது ஸ்போக்ஸை, கொடுக்காதீர்கள்.

ரிம் மின்னினால் கம்பியும் மின்னியிருக்கும் என்று எண்ணித்தான் பல வண்டிகளில் தவறு நடக்கிறது. ரிம்முக்குக் குரோமும் கம்பிக்கு மங்கலான ஜிங்க் அல்லது காட்மியம் முலாமும் கொடுப்பது அந்தக் காலத்தில் சாதாரணம். உங்கள் வண்டியில் எது இருந்தது என்பதை வண்டியிடமே கேட்கலாம். வெயிலும் மழையும் படாத இடங்கள் மூன்று: நிப்பிளுக்குள் (கம்பியை ரிம்மில் இறுக்கும் சிறு நட்டு) இருக்கும் பகுதி, ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடம்) கம்பியின் கொண்டை உட்காரும் இடம், இரண்டு கம்பிகள் குறுக்கே தொட்டுக்கொள்ளும் இடம். அங்கே மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மட்டும் துடையுங்கள். கம்பி பிரஷ் போட்டால் சாட்சியே அழிந்துவிடும். நீல சாயலில் மின்னி, தோல் போல உரிந்து, அடியில் மஞ்சளோ செம்பு நிறமோ தெரிந்தால் குரோம். உரியாமல் சாம்பல் நிறத்தில் மங்கியிருந்தால் ஜிங்க் அல்லது காட்மியம். காந்தம் சரியாக ஒட்டவில்லை என்றால் யாரோ இடையில் எவர்சில்வர் கம்பிக்கு மாற்றியிருக்கிறார்கள். காட்மியம் நஞ்சு. சந்தேகம் இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்ப வேண்டாம், சூடும் காட்ட வேண்டாம்.

ஒருவேளை அசலிலேயே குரோம்தான் இருந்தது என்று தெரிந்தாலும், பழைய கம்பிக்கு மறுபடி முலாம் போடாதீர்கள். முலாம் போடும் முன் கம்பியை அமிலத்தில் முக்குவார்கள். அங்கேயும் முலாம் தொட்டியிலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும். கடினமான எஃகு அதனால் நொறுங்கும் தன்மை அடையும். வண்டி கடையை விட்டு வரும்போது ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து, கொண்டைக்குக் கீழே கம்பி மடங்கும் இடத்தில் பட்டென்று ஒடியும். பர்லியார் இறக்கத்தில், வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்துக்கொண்டு வரும்போது ஒன்று போனால், அதன் பாரம் பக்கத்துக் கம்பிகளின் தலையில் விழும். ஒரு கம்பியை மடக்கிப் பார்த்தேன், ஒடியவில்லை என்று நிம்மதி அடையவும் முடியாது. இது இழுவையில் நின்று மெதுவாக வரும் முறிவு.

புதுக் கம்பிக்கு ஜிங்க் போடக் கொடுக்கும்போது கடையில் மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். ஒன்று, முலாம் 5 முதல் 8 மைக்ரான் போதும். மரையில் அதன் பாதிப்பு நான்கு மடங்காகத் தெரியும், அதிகமானால் நிப்பிள் ஏறாது. இரண்டாவது, புகுந்த ஹைட்ரஜன் வெளியேற, முலாம் முடிந்து 4 மணி நேரத்துக்குள் கம்பியை அடுப்பில் வைத்து, 190 முதல் 220 டிகிரி செல்சியஸில் குறைந்தது 4 மணி நேரம் சுட வேண்டும். மூன்றாவது, ஜிங்க்கைக் காக்கும் மேல்பூச்சான பாசிவேஷன் அதற்குப் பிறகுதான். முதலில் போட்டால் அந்த மெல்லிய படலம் சூட்டில் கெட்டுவிடும். மஞ்சள் பாசிவேஷன் வேண்டாம், வெள்ளை கேளுங்கள். பிரைட்னர் (பளபளப்பு தரும் ரசாயனம்) சேர்க்காத மங்கல் ஜிங்க் கிடைத்தால் காட்மியத்துக்கு மிக நெருக்கமாக இருக்கும். அடுப்பு இல்லை என்று சொல்லும் கடையில் கொடுக்காதீர்கள்.

வீலுக்கு 40 கம்பி. உள்பக்கத்துக் கம்பிக்கும் வெளிப்பக்கத்துக் கம்பிக்கும் மடக்குக் கோணம் வேறு என்பதால், பிரிக்கும் முன் இரண்டு பக்கமும் படம் எடுத்து, வகைக்கு ஒன்றாக மாதிரி எடுத்து வையுங்கள். ரிம் ஹப்பிலிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இதை மறந்தவர்கள் சக்கரத்தின் கோட்டம் எடுக்கும் நாளில்தான் தலையில் கை வைப்பார்கள்.

கேள்வி: ஊட்டி மூடுபனியில் ஜிங்க் கம்பி ஒரே மாதத்தில் வெள்ளை பூத்துவிட்டது. முலாம் மட்டமா?
*வாசகர், ஊட்டி*

பதில்: வண்டிமேல் தார்ப்பாய் போட்டு மூடுகிறீர்களா? பெரும்பாலும் அதுதான் காரணம். ஈரத்தோடு மூடினால் காற்றோட்டம் இல்லாமல் ஜிங்க் வெள்ளையாகப் பொரியும். துருவல்ல, ஆனால் விட்டால் துருவில் போய் முடியும். பருத்தித் துணியால் மூடுங்கள். மழையில் ஓட்டி வந்ததும் துடைத்து, மெல்லிய எண்ணெயோ மெழுகோ தடவுங்கள்.

தினமும் ஓடும் வண்டி என்றால் எவர்சில்வர் கம்பி போட்டுக்கொள்வதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பாலிஷ் போட்டதை வாங்கினால் குரோம் மாதிரி மின்னி வேஷம் கலைந்துவிடும். பாலிஷ் இல்லாததைக் கேளுங்கள், அல்லது கண்ணாடி மணி பிளாஸ்டிங் (நுண்ணிய கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தில் அடிப்பது) செய்து மங்க வையுங்கள். நிப்பிளும் எவர்சில்வராக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கடித்து இறுகிவிடும். நிக்கல் முலாம் போட்ட பித்தளை நிப்பிளும், மரையில் கொஞ்சம் ஆன்டி-சீஸும் (இறுகாமல் தடுக்கும் பசை) நல்லது.

கேள்வி: போர்க்காலத்து பி.எஸ்.ஏ. எம்20 மோட்டார் சைக்கிள் ஒன்று கிடைத்திருக்கிறது. ஸ்போக்ஸுக்குப் பவுடர் கோட்டிங் செய்யலாமா?
*வாசகர், கொடைக்கானல்*

பதில்: படை வண்டியில் மின்னும் பாகம் கூடாது. ரிம்மோடு சேர்த்துக் கம்பிக்கும் பெயின்ட் என்பது சரியான எண்ணம்தான். பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பவுடர் கோட்டிங்தான் தவறு. அது 60 மைக்ரானுக்கு மேல் தடிக்கும். கொண்டைக்கு அடியில் அந்தப் பூச்சு நசுங்க நசுங்க, முறுக்கிய இழுவை தளர்ந்துகொண்டே போகும். மரையை மறைத்துக்கொண்டு எனாமல் பெயின்டை மெல்லிசாக அடியுங்கள். கோத்து, கோட்டம் 1 மில்லிமீட்டருக்குள் வந்ததும், நிப்பிள் உராய்ந்த இடங்களுக்கு மட்டும் தூரிகையால் தொட்டுக்கொள்ளலாம். நிப்பிளுக்கு வெளியே நீட்டும் கம்பி முனையை ராவி, ரிம் டேப் போட மறக்க வேண்டாம், டியூப் தப்பும். 150 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை தட்டிப் பார்த்து இழுவையைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: கம்பி மாற்றினால் வின்டேஜ் பதிவு கிடைக்காதா?
*வாசகர், கோத்தகிரி*

பதில்: கிடைக்கும். 2021-இல் வந்த விதி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டியில் சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்கிறது. ஸ்போக்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. ஆர்.டி.ஓ. கம்பியைச் சுரண்டிப் பார்க்கமாட்டார். கண்காட்சி நடுவர் பார்ப்பார்.