கல்லுப்பு கசிவதும் கேன் தண்ணீர் பாலாவதும்

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், ராயபுரத்தில் 29 ஆண்டுகள் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுத்து ஓய்வு பெற்ற ஆசிரியை.)

கேள்வி: டீச்சர், எங்கள் தெருவுக்கு வரும் 20 லிட்டர் கேனில் ‘100% ப்யூர்’ என்று ஒட்டியிருக்கிறது. ஒன்பதாவது படிக்கும் என் மகன், ‘அது கலவைம்மா, ப்யூரே இல்லை’ என்று புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறான். யார் சொல்வது சரி?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: மகன் சொல்வதுதான் சரி. அதற்காகக் கேன் போடும் தம்பியிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள் அம்மா. குடித்தால் வயிற்றைக் கெடுக்காது என்பதைத்தான் அவர் ப்யூர் என்கிறார். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை உப்புகள் கரைந்திருந்தாலும் நல்ல தண்ணீர்தான். உங்கள் மகனின் புத்தகம் கேட்பது வேறு. உள்ளே தண்ணீரின் மூலக்கூறு தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது என்கிறது.

இந்த இரண்டு ப்யூரையும் ஒன்றென்று நினைத்து நானே ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் சாயங்காலம், லேபில் தண்ணீர் காய்ச்சி வடிக்கும் கருவியின் ஹீட்டர் காயில் எரிந்துபோனது. மாநகராட்சிக் குழாயில் வருவது ஆகாது, போரில் வருவது கடல் உப்பு. ‘கேன் தண்ணி சுத்தமாத்தானே இருக்கு, அதை ஊத்திடலாம் டீச்சர்’ என்றார் லேப் அண்ணன். நானும் தலையை ஆட்டிவிட்டேன். மறுநாள் முதல் பேட்ச், உப்பைக் கண்டுபிடிக்கும் சோதனை. பன்னிரண்டு பிள்ளைகளும் ‘குளோரைடு’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள்! அதில் நான்கு பேருக்குத்தான் நான் குளோரைடு உப்பு கொடுத்திருந்தேன்.

வேறு பள்ளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒன்றும் பேசவில்லை. ஒரு சோதனைக் குழாயில் வெறும் தண்ணீரை எடுத்தார், இரண்டு சொட்டு நைட்ரிக் அமிலம், இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டார். தண்ணீர் பாலாகிவிட்டது. லிட்டருக்கு ஒரு சில மில்லிகிராம் குளோரைடு இருந்தாலே சில்வர் நைட்ரேட் காட்டிக்கொடுத்துவிடும், நாக்குக்குத்தான் தெரியாது. உண்மையான குளோரைடு உப்பாக இருந்தால் வீழ்படிவு, அதாவது பிரிந்து படியும் வெள்ளைப் பொருள், தயிர் மாதிரி திரளும். இது வெறும் மங்கல்தான், ஆனாலும் பயத்தில் எல்லாப் பிள்ளைகளும் ‘தயிர்’ என்றே எழுதியிருந்தார்கள். அப்புறம் லேப் அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்மண்டபத்துக்கு ஓடி, பேட்டரிக் கடையில் காரின் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஐந்து லிட்டர் வாங்கி வந்தார். அதை வைத்துத்தான் தேர்வை மறுபடி நடத்தினோம். வெறும் தண்ணீரை முதலில் சோதித்துப் பார்க்கும் அந்த வழக்கத்தை நான் பாடத்தில் பத்து வருடமாகச் சொல்லிக்கொடுத்தவள்.

கேள்வி: உப்புத் தண்ணீரை வடிகட்டினால் உப்பு போகாது என்று மிஸ் சொன்னார்கள். அப்படியானால் மீஞ்சூரில் மட்டும் எப்படிக் கடல்நீரை வடிகட்டிக் குடிநீர் ஆக்குகிறார்கள்?
– 7ஆம் வகுப்பு மாணவன், திருவொற்றியூர்

பதில்: வெள்ளை வேட்டியை எட்டாக மடித்து வடிகட்டினாலும் உப்பு போகாது தம்பி. கரைந்த உப்பு துணியின் ஓட்டையைவிடப் பல ஆயிரம் மடங்கு சிறியது. 2010இல் தொடங்கிய மீஞ்சூர் ஆலையில் இருப்பது துணி அல்ல, நெருக்கமான ஒரு சவ்வு. தண்ணீர் தானாக அதன் வழியே போனால் உப்பு குறைவான பக்கத்திலிருந்து கூடுதலான பக்கத்துக்குத்தான் போகும். அதை எதிர்த்திசையில் தள்ளக் காற்றழுத்தத்தைப்போல ஏறத்தாழ 60 மடங்கு அழுத்தம் கொடுக்க வேண்டும். உங்கள் அப்பாவின் பைக் டயரில் இருப்பது இரண்டு மடங்குதான் என்று வைத்துக்கொள். அப்படித் தள்ளி ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் எடுக்கும் திறன் அதற்கு உண்டு. உள்ளே இழுக்கும் கடல்நீரில் பாதிக்கு மேல் இன்னும் உப்பேறித் திரும்பவும் கடலுக்கே போகிறது. உன் மிஸ்ஸும் தப்பாகச் சொல்லவில்லை, அவர் சொன்னது வடிதாளைப் பற்றி.

கேள்வி: பாக்கெட் தூள் உப்பு கொட்டுகிறது. கல்லுப்பு ஜாடி மட்டும் எப்போது பார்த்தாலும் ஈரம். கலப்படமா?
– இல்லத்தரசி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: கலப்படம் இல்லை, கடல் இன்னும் முழுசாகப் பிரியவில்லை, அவ்வளவுதான்.

கும்மிடிப்பூண்டி லோக்கலில் எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு வரை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பாருங்கள். பாத்தி பாத்தியாகத் தேங்கிய தண்ணீர் தெரியும். அந்தப் பக்கத்து உப்பளத்தில் வேலை பார்த்தவர் ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை, கல்லூரிப் பாடத்தைவிட நான் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன். கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உண்டு. அதில் நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு 27 கிராம்போல. மீதியெல்லாம் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் என்று வேறு சரக்கு. வெயில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் படிய வைப்பதில்லை. முதலில் சுண்ணாம்பு படியும். கரைசல் அடர அடர ஜிப்சம் படியும். பாத்திக்காரர்கள் கண்ணாடி மிதவை ஒன்றைப் போட்டு ‘டிகிரி’ பார்ப்பார்கள், இது சூடு அல்ல, கரைசலின் அடர்த்தி. கடல்நீர் அதில் மூன்று, மூன்றரை காட்டும். ஜிப்சத்தை முன்பாத்தியிலேயே விட்டுவிட்டு, தண்ணீரை மட்டும் அடுத்த பாத்திக்குத் திருப்பி, 25 டிகிரிக்கு வந்தால் உப்பு விளையத் தொடங்கும். 29, 30 வந்துவிட்டதா, மடையைத் திறந்து மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். அந்தத் தண்ணீர் கசக்கும். மெக்னீசியம் உப்புகள் எல்லாம் அதில்தான். பாத்தி மாற்றி மாற்றி விடுகிறார்களே, அதற்கு லேபில் பின்னப் படிகமாக்கல் என்று பெயர். எவ்வளவு பெரிய லேப்!

மடையைக் கொஞ்சம் தாமதமாகத் திறந்தாலோ, உப்பைக் குவித்துச் சரியாக வடிய விடாவிட்டாலோ, அந்தக் கசப்புத் தண்ணீர் கல்லின் மேல் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். காற்றின் ஈரப்பதம் 33 சதவீதத்தைத் தாண்டினாலே மெக்னீசியம் குளோரைடு தண்ணீரை இழுத்துக்கொள்ளும். நம் ஊர்க் காற்று என்றைக்கு அவ்வளவு வறண்டிருக்கிறது? சோடியம் குளோரைடு 75 சதவீதம் வரை தாங்கும். தூள் உப்பைக் கழுவி, கட்டி பிடிக்காமல் இருக்க ஏதாவது சேர்த்து விற்கிறார்கள். ஐப்பசி அடைமழையில் அதுவும் கசியும், ஜாடியைத் திறந்து வைத்துப் பாருங்கள்.

சாப்பாட்டு உப்பில் ஈரம் நீக்கி 96 சதவீதம் சோடியம் குளோரைடு இருந்தால் போதும் என்கிறது சட்டம். எனக்குக் கல்லுப்புதான் பிடிக்கும். ஊறுகாய்க்கு அதுதான்.

கேள்வி: என் பேத்தியின் ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் ‘தூற்றுதல், சலித்தல், தெளியவைத்து இறுத்தல்’ என்று போட்டிருக்கிறது. இதெல்லாம் அறிவியலா?
– 71 வயது வாசகி, மூலக்கொத்தளம்

பதில்: அறிவியல்தான் அம்மா, நீங்கள் மார்க் வாங்காமல் செய்துகொண்டிருந்தீர்கள். என் அம்மாவும் அப்படித்தான். ரேஷன் அரிசி வந்த அன்று வாசலில் முறத்தோடு உட்கார்ந்துவிடுவார். முதலில் புடைப்பார், உமி பறக்கும். அப்புறம் முறத்தைப் பக்கவாட்டில் அசைத்து அசைத்துக் கொழிப்பார், நொய் ஒரு பக்கம் ஒதுங்கும். கடைசியில் இரண்டு குண்டானை வைத்துக்கொண்டு தண்ணீரில் அரிப்பார், அரிசி தண்ணீரோடு அடுத்த குண்டானுக்குப் போய்விடும், கல் அடியில் நிற்கும். புடைத்தலில் எடை, கொழித்தலில் அளவு, அரித்தலில் அடர்த்தி. மூன்று வேலைக்கு மூன்று சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது. பேத்திக்கு ஒரு தடவை செய்து காட்டுங்கள். இப்போது வரும் பாக்கெட் அரிசியில் கல் இருக்காது, கொஞ்சம் மணலை நீங்களே கலந்துகொள்ள வேண்டும்.

கேள்வி: எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்கிறீர்கள். 2017இல் எண்ணூர் பக்கம் கப்பல் எண்ணெய் கொட்டியபோது ஏன் பிரிக்க முடியாமல் வாளியால் அள்ளினோம்? நானும் அள்ளியவன்.
– மீனவர், காசிமேடு

பதில்: அண்ணே, அந்த வருடம் ஜனவரி 28ஆம் தேதி இரண்டு கப்பல்கள் மோதியதற்கு அடுத்த வாரம், எர்ணாவூர்க் கரையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருத்தி. வகுப்பில் பிரிபுனலில் மண்ணெண்ணெயும் தண்ணீரும் ஊற்றி, அடியில் குழாயைத் திறந்து ‘பார்த்தீர்களா, எவ்வளவு சுலபம்’ என்று காட்டியவளுக்கு அன்றைக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

பிரிபுனல் வேலை செய்ய இரண்டும் அசையாமல் நிற்க வேண்டும். கடல் நிற்குமா? கொட்டியது கப்பல் எரிக்கும் கனமான எண்ணெய், தார்போல இருப்பது. அலை அதை மத்துப் போட்டுக் கடைவதுபோலக் கடைந்துவிட்டது. தயிரைக் கடைந்தால் வெண்ணெய் பிரிகிறது. இங்கே கடையக் கடையத் தண்ணீர் பொடிப்பொடித் துளியாக எண்ணெய்க்குள் மாட்டிக்கொண்டது. எண்ணெயில் இயல்பாகவே இருக்கும் தார்ப்பொருள் ஒவ்வொரு துளியையும் சுற்றித் தோல் கட்டிவிடும், துளிகள் ஒன்று சேராது. அப்படி உருவாகும் குழம்பில் முக்கால் பங்குவரைகூடத் தண்ணீர் இருக்கலாம். ஆகவே ஒரு வாளி எண்ணெய் கொட்டினால் அள்ள வேண்டியது மூன்று, நான்கு வாளி. பம்பு வைத்தால் அடைக்கும், அதனால்தான் வாளி. அந்தக் குழம்பைச் சூடுபடுத்தினாலோ, தோலை உடைக்கும் ரசாயனம் சேர்த்தாலோ பிரியும். கரையில் முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கிறவருக்கு அது எதற்கு உதவும்? உங்கள் கையில் ஏறிய கறுப்பை எதைப் போட்டு எடுத்தீர்கள்? தேங்காய் எண்ணெய் என்றால் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள், எண்ணெய் எண்ணெயில்தான் கரையும்.

கேள்வி: ரெக்டிஃபைடு ஸ்பிரிட்டில் ஆல்கஹால் ஏன் 95 சதவீதத்திலேயே நிற்கிறது? இன்னொரு தடவை காய்ச்சி வடித்தால் 100 ஆகாதா?
– மருந்துக்கடை ஊழியர், வியாசர்பாடி

பதில்: நூறு தடவை வடித்தாலும் ஆகாது. ஆல்கஹால் 78.4 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர் 100இல். ஆனால் எடையில் 95.6 பங்கு ஆல்கஹாலும் மீதி தண்ணீரும் சேர்ந்தால் அந்தக் கூட்டணி 78.2இல் கொதிக்கும், அதாவது தனி ஆல்கஹாலுக்கும் முன்னாலேயே. ஆவியிலும் அதே விகிதம்தான் என்பதால் வடித்துப் பயனில்லை. ‘கொதிநிலை மாறாமல் இருந்தால் அது தூய பொருள்’ என்று என் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். அதை மதிக்காத கலவை இது. மிச்சத் தண்ணீரை எடுக்க அந்தக் காலத்தில் சுட்ட சுண்ணாம்பைப் போட்டார்கள், அது தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: கறுப்பு ஸ்கெட்ச் பேனா மையில் கறுப்பு மட்டும்தான் இருக்குமா?
– 6ஆம் வகுப்பு மாணவி, தண்டையார்பேட்டை

பதில்: நீயே பார்த்துவிடு கண்ணு. காபி வடிதாளோ டிஷ்யூ பேப்பரோ நீளமாக வெட்டி, அடியிலிருந்து இரண்டு விரல் மேலே ஒரு புள்ளி வை. நுனி மட்டும் தண்ணீரில் படும்படி டம்ளரில் தொங்க விடு, புள்ளி தண்ணீருக்குள் போய்விடக் கூடாது. தண்ணீர் ஏற ஏற நீலம், சிவப்பு, மஞ்சள் என்று தனித்தனியாக ஓடும். தாளோடு ஒட்டிக்கொள்ளும் நிறம் பின்தங்கும், தண்ணீரோடு போக விரும்புவது முன்னால் ஓடும். சுமார் 120 வருடங்களுக்கு முன்னால் ஸ்வெட் என்ற ரஷ்யர் இதைச் சுண்ணாம்புக்கல் பொடியில் செய்து இலையின் நிறங்களைப் பிரித்தார். அவர் பெயருக்கே ரஷ்ய மொழியில் நிறம் என்றுதான் பொருள். பர்மனென்ட் மார்க்கரை எடுத்துவிடாதே, அது தண்ணீரில் ஏறாது. என்னென்ன நிறம் வந்தது என்று எனக்கு எழுது.