டிரெய்லர் வண்டிக்குப் பட்டறையில் செய்த ஆயில் கேட்ச் கேன்: பொருத்தலாமா?

மாதவரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "சொந்தமாக ஒரு டிரெய்லர் வைத்திருக்கிறேன். துறைமுகத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையே கன்டெய்னர் ஓடுகிறது. ஆறு சிலிண்டர், பிஎஸ்-4 வண்டி. ப்ரீதர் குழாய், ஏர் ஃபில்டரைத் தாண்டி டர்போ ஹோஸில் போய்ச் சேர்கிறது. அந்த ஹோஸைக் கழற்றினால் உள்ளே எண்ணெய் பிசுபிசுக்கிறது. இன்டர்கூலரின் அடியிலும் தேங்குகிறது. காலாவதியான தீயணைப்பான் சிலிண்டரை வெட்டி ஆயில் கேட்ச் கேன் செய்து தருவதாக எங்கள் மெக்கானிக் சொல்கிறார். செய்யலாமா? இன்ஜினுக்கு ஏதும் ஆகுமா?"

செய்யலாம். ஆனால் உடனே வேண்டாம். கேட்ச் கேன் என்பது ப்ரீதர் குழாயின் வழியில் மாட்டும் டப்பா. அது எண்ணெயைப் பிடித்து வைக்கும். அந்த எண்ணெய் ஏன் வருகிறது என்று சொல்லாது. காரணம் தெரியாமல் பொருத்தினால், ஓர் அறிகுறியை உங்கள் கண்ணில் படாத இடத்துக்கு நகர்த்தியதாகத்தான் ஆகும்.

எந்த டீசல் இன்ஜினிலும் எரிந்த வாயுவில் ஒரு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே, இன்ஜினின் அடிப்பாகமான கிராங்க்கேஸுக்குள் இறங்கும். பட்டறைகளில் 'பேக் கம்ப்ரஷன்' என்கிறார்களே, அதுதான். நேற்று ஷோரூமிலிருந்து வந்த வண்டியிலும் இது கொஞ்சம் உண்டு. அந்த வாயு எண்ணெய்ப் புகையைச் சுமந்துகொண்டு ப்ரீதர் வழியாக வெளியேறியாக வேண்டும். பழைய வண்டிகளில் ப்ரீதர் குழாய் இன்ஜினுக்குக் கீழே திறந்த வாயோடு தொங்கும். சொட்டும் எண்ணெய்க்குத் தண்ணீர் பாட்டிலைக் கட்டிவிட்டு ஓட்டுவார்கள். உங்கள் வண்டியில் அது இன்ஜினுக்குக் காற்றை அமுக்கி அனுப்பும் டர்போவுக்குத் திரும்புவதால், சுமந்து வந்த எண்ணெய் டர்போ, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், மேனிஃபோல்டு என்று வழியெல்லாம் படிகிறது. இ.ஜி.ஆர். (புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் அமைப்பு) உள்ள இன்ஜினாக இருந்தால் அங்கே கரியோடு கலந்து தாராக இறுகிவிடும். ஆகவே ஹோஸில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு. இன்டர்கூலரின் அடியில் தேங்கி நிற்பதுதான் கவனிக்க வேண்டியது.

முதலில் செலவில்லாத இரண்டைப் பாருங்கள். டிப் ஸ்டிக்கில் எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டியிருக்கிறதா? 'ஒரு லிட்டர் கூடவே இருக்கட்டுமே' என்று ஊற்றும் பழக்கம் நம் ஓட்டுநர்களிடம் பரவலாக இருக்கிறது. கூடுதல் எண்ணெயை கிராங்க் ஷாஃப்ட் அடித்துச் சிதறடித்துப் புகையாக்கி ப்ரீதருக்கு அனுப்பும். அடுத்தது ஏர் ஃபில்டர். எண்ணூர், மணலி பக்கத்து நிலக்கரித் தூசியிலும் சாம்பலிலும் ஓடும் வண்டிக்கு அது சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். ஃபில்டர் அடைத்தால் டர்போ அந்த உறிஞ்சலை ப்ரீதர் குழாயில் காட்டும். எண்ணெயும் கூடவே இழுபடும்.

இவை சரியாக இருந்தால் கிராங்க்கேஸ் அழுத்தத்தை அளந்துவிடுங்கள். பெரிய கருவி வேண்டாம். கொத்தனார் மட்டம் பார்க்கும் ட்யூப் போதும். அதை 'ப' எழுத்தைப்போல வளைத்துக் கட்டி, பாதியளவு தண்ணீர் விட்டு, ஒரு முனையை டிப் ஸ்டிக் குழாயில் காற்றுப் புகாமல் பொருத்துங்கள்; மறுமுனை திறந்தே இருக்கட்டும். இரண்டு கைகளும் ஒரு மீட்டராவது உயர்ந்து நிற்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் இன்ஜினுக்குள் போக வாய்ப்புண்டு. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஐடிலிங்கிலும் ஆக்ஸிலரேட்டரை உயர்த்தியும் இரு பக்கத் தண்ணீர் மட்டங்களுக்கு எத்தனை சென்டிமீட்டர் வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் இன்ஜினுக்கு உரிய எல்லை சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அதைத் தாண்டினால் கேட்ச் கேன் பேச்சையே விடுங்கள். பார்க்க வேண்டியது பிஸ்டன் ரிங், அது உரசி ஓடும் சிலிண்டர் லைனர்.

அதற்காக உடனே இன்ஜினை இறக்கிவிடவும் வேண்டாம். பலரும் மறந்துபோகும் ஒரு குற்றவாளி ஏர் பிரேக் கம்ப்ரஸர். அது இன்ஜின் எண்ணெயில்தான் ஓடுகிறது; அதன் ரிங் தேய்ந்தால் அமுக்கிய காற்று எண்ணெய் திரும்பும் வழியாக கிராங்க்கேஸுக்குள்தான் வரும். ட்யூப் மாட்டியபடியே காற்றுத் தொட்டி நிரம்பும்வரை காத்திருங்கள். தொட்டி நிரம்பி, ஏர் டிரையர் 'புஸ்' என்று காற்றை வெளியேற்றி, கம்ப்ரஸர் சுமையின்றி ஓடத் தொடங்கும்போது மட்டத்தின் வித்தியாசம் சட்டென்று குறைந்தால், சந்தேகம் கம்ப்ரஸர் மேல். டர்போ சீல் போயிருந்தாலும் இதேபோல அதன் எண்ணெய் வடிகுழாய் வழியாகக் காற்று கீழே இறங்கும். கம்ப்ரஸர் ரிங் மாற்றும் செலவையும் முழு இன்ஜின் வேலைச் செலவையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த ஒரு சோதனையின் அருமை தெரியும்.

துறைமுக வாசலில் மணிக்கணக்காக இன்ஜினை ஓடவிட்டபடி வரிசையில் நிற்பதும் ஒரு காரணம். சுமையில்லாமல் ஓடும் இன்ஜினில் சூடு போதாது, ரிங்குகள் லைனரில் சரியாக அழுந்தாது. வரிசை நகரவில்லை என்று தெரிந்தால் அணைத்துவிடுங்கள். ஏசி இல்லாத கேபினில் அணைத்தாலும் ஓட்டினாலும் வேர்வை ஒன்றுதான்.

எல்லாம் எல்லைக்குள் இருந்து, படியும் எண்ணெயை மட்டும் தடுக்க விரும்பினால் கேன் செய்யுங்கள். தீயணைப்பான் சிலிண்டரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வெட்டும் முன் அழுத்தம் முழுதும் வெளியேறியதா என்பது ஒரு கவலை. உலர்பொடி வகையாக இருந்தால் மூலையில் ஒட்டிய பொடி டர்போவுக்குப் போகும் என்பது இன்னொன்று. பிவிசி குழாய் இன்ஜின் சூட்டில் இளகிவிடும். ஏர் கம்ப்ரஸருக்கு மாட்டும் கண்ணாடிக் கிண்ண ஃபில்டரைச் சிலர் வாங்கி மாட்டுகிறார்கள். அதன் துளை கால் அங்குலம், லாரி இன்ஜின் மூச்சுத் திணறும். அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் 100 மி.மீ. உள்விட்டமுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயை 30 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, இரு முனையிலும் தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். சுமார் 2.3 லிட்டர் கொள்ளும். 25 மி.மீ. ஹோஸிலிருந்து வரும் வாயு அந்த அகலத்தில் பதினாறில் ஒரு பங்கு வேகத்துக்குத் தணியும். துளிகள் கீழே விழ அந்த நிதானம்தான் வேண்டும். வாயு நுழைந்ததும் மோதுவதற்கு ஒரு தடுப்புத் தகடு வையுங்கள். வெளியேறும் குழாய் கேனின் உச்சியில் இருக்க வேண்டும், நுழையும் குழாய்க்கு நேர் எதிரில் கூடாது. அடியில் ஒரு வால்வு.

உள்ளே பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளை அடைப்பது எல்லோரும் சொல்லும் யோசனை. சுருள் சுருளாக இருக்கும் தடித்த ஸ்டெயின்லெஸ் வகையென்றால் சரி, அதையும் துளையிட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவில் சிறைப்படுத்திய பிறகுதான். மெல்லிய இரும்பு நார் வேண்டவே வேண்டாம். அது இற்று உதிர்ந்து போகும் இடம் டர்போவின் இறக்கை. வெல்டிங் கசடும் துளை போட்ட பிசிறும் அப்படியே. டீசலால் கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் பார்த்த பிறகு மாட்டுங்கள்.

ஹோஸின் உள்விட்டம் ப்ரீதர் வாயைவிட எங்கும் குறையக்கூடாது. ரேடியேட்டர் ஹோஸில் மிஞ்சியதைப் போடாதீர்கள். அந்த ரப்பர் எண்ணெய் பட்டால் உப்பும். எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ஹோஸ், உறிஞ்சலில் சப்பிக்கொள்ளாத கம்பி வைத்த வகை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ கேட்டு வாங்கலாம். ப்ரீதரிலிருந்து கேனுக்கு ஒரே சரிவாக இறங்கட்டும். நடுவில் தொய்வு இருந்தால் அங்கே எண்ணெயும் தண்ணீரும் தேங்கி அடைக்கும். டர்போவுக்கும் எக்ஸாஸ்டுக்கும் தள்ளி, கேபினைச் சாய்த்தாலும் ஹோஸ் இழுபடாத இடத்தில் மாட்டுங்கள். மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி, வாயால் ஊதிப் பாருங்கள். இது ஏர் ஃபில்டருக்குப் பிறகு உள்ள பகுதி; ஊசித் துளை இருந்தாலும் வடிகட்டாத தூசி நேராக டர்போவுக்குள் போகும். திறந்த ப்ரீதர் உள்ள பழைய வண்டிக்கான கேனில் மேலே காற்றுப்போக்கி வைப்பார்கள். அந்த வடிவத்தை உங்கள் வண்டிக்கு நகல் எடுக்காதீர்கள்.

மாட்டிய பிறகு அதே ட்யூபால் மறுபடி அளந்து பாருங்கள். முன்பைவிட இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கூடியிருந்தால் கேன் இன்ஜினின் வழியை நெரிக்கிறது. அப்படியே ஓட்டினால் கிராங்க் ஆயில் சீல் கசியும். டர்போ எண்ணெயும் கீழே இறங்க முடியாமல் சீல் வழியே வெளியேறும். எண்ணெயை நிறுத்த மாட்டிய கேனே எண்ணெயை ஊற்ற வைக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, கேன் நிரம்பி வழிவது. தேங்கிய எண்ணெயை டர்போ மொத்தமாக உறிஞ்சினால் டீசல் இன்ஜின் அதையே எரிபொருளாக்கிக்கொண்டு தானாக வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது, ஏனென்றால் சாவி நிறுத்துவது டீசலை மட்டும். அந்த நிலை வந்தால், கிளட்ச் உள்ள வண்டியில் பிரேக்கை முழுதும் மிதித்து, மேல் கியரில் போட்டு, கிளட்சை விட்டு இன்ஜினைத் திணறடித்து நிறுத்த வேண்டும். காற்று வரும் வாயைக் கையால் மூட முயலாதீர்கள். கேனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேங்க விடாதீர்கள். முதல் மாதம் வாரம் ஒரு முறை வடித்து அளவை எழுதி வையுங்கள்; பிறகு இடைவெளியை நீங்களே முடிவு செய்யலாம். அளவு மாதத்துக்கு மாதம் ஏறினால் ரிங் தேய்கிறது என்று அந்த நோட்டுப் புத்தகமே சொல்லும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. ப்ரீதர் மாசுக் கட்டுப்பாட்டோடு சேர்ந்த பகுதி. குழாயை வெளியே திறந்துவிடாதீர்கள், எஃப்.சி. (தகுதிச் சான்று) நேரத்திலும் இன்ஷூரன்ஸ் கோரும்போதும் கேள்வி எழலாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான பிஎஸ்-6 வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் இதைப் படித்துவிட்டுக் கேன் செய்யக் கிளம்ப வேண்டாம். பெரும்பாலும் அவற்றில் கம்பெனியே எண்ணெய்ப் பிரிப்பானை வைத்திருக்கிறது.

வடித்ததை மறுபடி இன்ஜினில் ஊற்றக்கூடாது. அதில் அமிலமும் தண்ணீரும் டீசலும் கலந்திருக்கும். சாக்கடையிலும் கொட்டாமல், ஆயில் மாற்றும்போது கழிவு எண்ணெய் டிரம்மில் சேர்த்துவிடுங்கள். மழைக்காலத்தில், அதுவும் துறைமுக வரிசையில் நின்று நின்று ஓடிய வாரத்தில், கறுப்பு எண்ணெய்க்குப் பதிலாக வெண்மஞ்சள் பசை வடியும். நம் ஊர் ஈரக்காற்றில் இது பெரும்பாலும் குளிர்ந்த நீராவிதான். ஆனாலும் அன்றைக்கு ரேடியேட்டர் கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள். கூலன்டும் குறைந்திருந்தால், இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கெட் போயிருக்கலாம். லோடு ஏற்றாமல் வண்டியைப் பட்டறையில் விடுங்கள்.