இலவச சிடிஎன்னுக்கு 18,000 ரூபாயா?

சென்ற மாதம் வெப் ஹோஸ்டிங் பற்றி எழுதியதிலிருந்து வரும் கேள்விகளில் பாதி சிடிஎன் பற்றித்தான். தளத்தின் படங்கள், எழுத்துரு, பிடிஎஃப் போன்றவற்றின் நகல்களைப் பல ஊர்களில் வைத்திருந்து, பார்க்கிறவருக்குப் பக்கத்து ஊரிலிருந்து எடுத்துக் கொடுக்கும் சேவைதான் சிடிஎன். தலைமைக் கிடங்கிலிருந்து ஒவ்வொரு தடவையும் லாரி அனுப்பாமல், ஊருக்கு ஊர் குடோன் வைத்திருப்பது போல. இனி கேள்விகள்.

கேள்வி: திருப்பூரில் பனியன், டி-சர்ட் மொத்த வியாபாரம் செய்கிறேன். தளம் மெதுவாகத் திறக்கிறது என்றேன். செய்துகொடுத்தவர், "பிரீமியம் கிளவுட்ஃப்ளேர் சிடிஎன் போட்டால் பறக்கும்" என்று வருடத்துக்கு 18,000 ரூபாய் வாங்கினார். கொஞ்சம் வேகம் கூடியது போலத்தான் தெரிகிறது. ஆனால் என் மருமகன், "மாமா, இது சும்மா கிடைக்கிறது" என்கிறார். ஏமாந்துவிட்டேனா?

பதில்: மருமகன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. சிடிஎன் நிறுவனமான கிளவுட்ஃப்ளேரின் இலவசத் திட்டத்துக்கு அடுத்த படி, ப்ரோ. வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினாலே மாதம் 20 டாலர், அதாவது வருடத்துக்கு 240 டாலர். இன்றைய டாலர் விலையில் 20,000 ரூபாயைத் தாண்டிவிடும். கைக்காசு போட்டு உங்களுக்கு ப்ரோ வாங்கித் தரும் அளவுக்கு அவர் தாராளமானவராக இருந்தாலொழிய, உங்களிடம் இருப்பது இலவசத் திட்டம்தான்.

அதற்காக உடனே சண்டைக்குப் போக வேண்டாம். அமைத்துக் கொடுப்பதும் ஒரு வேலை. அதற்குக் கூலி கேட்பது தவறில்லை. கூலி என்று சொல்லாமல் 'பிரீமியம்' என்று சொன்னதுதான் தவறு. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றை நீங்கள் கேட்கவில்லை: கணக்கு யார் பேரில் இருக்கிறது? அவருடைய மின்னஞ்சலில் இருந்தால், நாளை அவர் போனை எடுக்காவிட்டால் உங்கள் கடைக்கு ஷட்டர் சாவி உங்களிடம் இல்லை. டொமைன் (தளத்தின் பெயர்), டிஎன்எஸ் (அந்தப் பெயரைச் சர்வருக்கு வழிகாட்டும் பதிவேடு), சிடிஎன் மூன்றும் உங்கள் மின்னஞ்சலில் திறந்த கணக்கில் இருக்க வேண்டும். வேலை செய்பவரை அதில் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளலாம், வேண்டாதபோது நீக்கலாம். அடுத்த வருடப் பணம் கொடுக்கும் முன் இதை மாற்றி வாங்கிவிடுங்கள்.

இப்போது வேகம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கணக்குப் போட எளிய வழி: ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் போய்வர ஒரு மில்லிசெகண்ட். உங்கள் சர்வர் மும்பையில் இருந்தால், கேபிள் சுற்றி வளைத்து வந்தாலும் திருப்பூருக்கு இருபது முப்பது மில்லிசெகண்ட்தான். அதைக் குறைத்து எவரும் பெரிதாக எதையும் சாதித்துவிட முடியாது. மலிவாகக் கிடைக்கிறதென்று அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஹோஸ்டிங் வாங்கியிருந்தால் கதை வேறு. நேர்க்கோட்டிலேயே ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். நடைமுறையில் ஒரு தடவை போய்வர 200 மில்லிசெகண்டுக்கு மேல். ஒரு பக்கம் திறக்க இப்படிப் பல தடவை போய்வர வேண்டும்.

ஆகவே முதலில் சர்வர் எங்கே என்று கேளுங்கள். வாங்குகிறவர்கள் எல்லாம் தமிழ்நாடு, கேரளா என்றால் சர்வரையே மும்பைக்குக் கொண்டுவருவது சிடிஎன்னை விட நல்ல வைத்தியம். அடுத்து படங்கள். போனில் எடுத்த 4 எம்பி டி-சர்ட் படத்தை அப்படியே ஏற்றியிருந்தால், சென்னையிலிருந்து வந்தாலும் 4 எம்பி 4 எம்பிதான். வெப்பி (WebP) என்ற பட வடிவத்துக்கு மாற்றி, திரைக்குத் தேவையான அகலத்துக்குச் சுருக்கினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமல் பத்தில் ஒரு பங்காகக்கூடக் குறையும்.

கேள்வி: நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு தமிழ் இலக்கிய இதழை இணையத்தில் நடத்துகிறோம். பழைய இதழ்கள் 300-க்கு மேல் பிடிஎஃப்பாக இருக்கின்றன, ஒவ்வொன்றும் 25 எம்பி வாக்கில். வாசகர்கள் பாதிப் பேர் தமிழ்நாடு, யாழ்ப்பாணம், சிங்கப்பூர். மீதிப் பேர் டொராண்டோ, லண்டன். கிளவுட்ஃப்ளேர், அமேசான் கிளவுட்ஃப்ரண்ட், பன்னி (Bunny) மூன்றில் எதை எடுப்பது? ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: சொல்கிறவர்கள் எல்லோரும் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள், அவரவர் தளத்துக்கு. உங்கள் கணக்கைப் போடுவோம். மாதம் 16,000 பிடிஎஃப் இறங்குகிறது என்று வைத்தால் 400 ஜிபி. ஆசியாவில் பாதி, வட அமெரிக்கா-ஐரோப்பாவில் பாதி.

பன்னி ஸ்லோவேனியா நாட்டு நிறுவனம். ஐரோப்பா, வட அமெரிக்காவுக்கு ஜிபிக்கு ஒரு சென்ட், ஆசியாவுக்கு மூன்று சென்ட். உங்களுக்கு 2 டாலரும் 6 டாலரும், ஆக மாதம் 8 டாலர். கிளவுட்ஃப்ரண்டில் இந்தியாவுக்கு ஜிபிக்கு 10.9 சென்ட், அமெரிக்காவுக்கு 8.5 சென்ட். கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் பயன்பாட்டுக்கேற்ற கட்டண முறையில் மாதம் முதல் 1 டிபி (சுமார் 1,000 ஜிபி) இலவசம், ஆகவே உங்களுக்குப் பூஜ்யம். கிளவுட்ஃப்ளேர் ஜிபி கணக்கே பார்ப்பதில்லை, அதுவும் பூஜ்யம். இந்த அளவில் விலையை ஒப்பிடுவது, ஓசியில் கிடைக்கும் இரண்டு காலண்டர்களில் எது மலிவு என்று பார்ப்பது மாதிரி. 2 டிபிக்கு வளர்ந்தால்தான் வித்தியாசம் தெரியும்: பன்னியில் 40 டாலர், கிளவுட்ஃப்ரண்டில் 100 டாலர் வாக்கில்.

விலைப்பட்டியலில் தெரியாத மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

கிளவுட்ஃப்ளேரின் இலவசத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. வீடியோவோ, அளவுக்கு மீறிய விகிதத்தில் படம், ஆடியோ, பெரிய கோப்புகளோ அதன் சிடிஎன் வழியாகப் போனால், அதற்கென்று உள்ள சேவையை வாங்காதவரை, தடுக்கும் உரிமையை அது வைத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் போக்குவரத்தில் முக்கால்வாசி பிடிஎஃப் என்பதால் இந்த வரி உங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது. வழி: கட்டுரைப் பக்கங்களைச் சாதாரணமாக விட்டுவிட்டு, பிடிஎஃப்களை அவர்களுடைய ஆர்2 சேமிப்பில் வையுங்கள். 10 ஜிபி வரை இலவசம், வெளியே போகும் டேட்டாவுக்குக் காசு இல்லை. 300 இதழ் 7.5 ஜிபி; அடங்கிவிடும்.

கிளவுட்ஃப்ரண்டில் எந்தெந்த நாட்டு சர்வர்களிலிருந்து கோப்பைக் கொடுப்பது என்பதற்கு 'பிரைஸ் கிளாஸ்' என்று ஒரு தேர்வு வரும். செலவைக் குறைக்க நூறாம் வகுப்பைத் தேர்ந்தெடுங்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதில் இந்தியா கிடையாது! வட அமெரிக்கா, ஐரோப்பா, இஸ்ரேல் மட்டுமே. சென்னை வாசகருக்கு அங்கிருந்துதான் கோப்பு வரும். பிறகு "அமேசான் ஸ்லோ" என்று எனக்குக் கடிதம் வரும். இருநூறாம் வகுப்பாவது வேண்டும்.

மூன்றாவது, யாராவது விளையாட்டுக்கு உங்கள் பிடிஎஃப்பை லட்சம் தடவை இறக்கினால் என்ன ஆகும் என்பது. பயன்பாட்டுக்கேற்பக் கட்டும் முறையில் பில் ஏறிக்கொண்டே போகும். பட்ஜெட் எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்புமே தவிர, குழாயை மூடாது. இந்தப் பயத்துக்காகவே அமேசான் 2025 நவம்பரில் அளவுக்கு மீறினாலும் கூடுதல் பில் வராத மாதத் திட்டங்களைக் கொண்டுவந்தது. இலவசமாகவும் ஒன்று உண்டு. பன்னியில் முன்பணம் போட்டு வைக்கிறோம், தீர்ந்தால் நின்றுவிடும். ராத்திரி இரண்டு மணிக்குத் தளம் நிற்பதா, மாதக் கடைசியில் பில் எகிறுவதா என்று கேட்டால், சங்கம் மாதிரி நடத்தும் இதழுக்கு நிற்பதே மேல்.

என் தீர்ப்பு: கிளவுட்ஃப்ளேர் இலவசத் திட்டம், பிடிஎஃப் ஆர்2-வில். நிபந்தனை வாசகங்களைப் படித்துத் தலைவலி வேண்டாம் என்றால் பன்னி. மாதம் 8 டாலர் பெரிதில்லை. கிளவுட்ஃப்ரண்ட் நல்ல பொருள்தான், ஆனால் அமேசான் கணக்கைக் கட்டி மேய்க்க ஓர் ஆள் வேண்டும்.

அகாமாய் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். 1998-இல் இந்தத் தொழிலைத் தொடங்கிவைத்தவர்கள் அவர்கள். 2019 உலகக் கோப்பை அரையிறுதியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2.5 கோடிப் பேர் பார்த்தபோது பின்னால் நின்றவர்களும் அவர்களே. நமக்கு அந்தக் கடையில் வேலை இல்லை.

ஒரு உபரித் தகவல். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் ஆகிறது, ஆங்கில எழுத்துக்கு ஒன்று. 'கொ' என்றால் இரண்டு குறியீடு, 6 பைட். அதனால் பக்கத்தைச் சுருக்கி அனுப்பும் பிராட்லி அல்லது ஜிஜிப் முறை இயங்குகிறதா என்று பாருங்கள். தமிழ்ப் பக்கங்களுக்கு அது நன்றாகவே கைகொடுக்கும்.

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து கேட்கிறேன். சிடிஎன் சென்னையில் இருக்கிறது என்கிறார்கள். நம் தளம் நிஜமாகவே சென்னையிலிருந்துதான் வருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கணினியில் குரோம் திறந்து எஃப்12 அழுத்துங்கள். நெட்வொர்க் பகுதிக்குப் போய்ப் பக்கத்தை மறுபடி ஏற்றி, ஏதாவது ஒரு படத்தைச் சொடுக்கினால் ரெஸ்பான்ஸ் ஹெடர்கள் (சர்வர் அனுப்பும் குறிப்பு வரிகள்) தெரியும். கிளவுட்ஃப்ளேர் என்றால் 'சிஎஃப்-ரே' என்ற வரியின் கடைசியில் மூன்றெழுத்து விமான நிலையக் குறியீடு இருக்கும். எம்ஏஏ சென்னை, பிஓஎம் மும்பை, எஸ்ஐஎன் சிங்கப்பூர். கிளவுட்ஃப்ரண்டில் 'சிஎஃப்-பாப்' என்று முடியும் வரியைப் பாருங்கள். அங்கேயே ஹிட், மிஸ் என்றும் வரும். மிஸ் என்றால் நகல் இல்லை, மூல சர்வருக்குப் போய் எடுத்து வந்திருக்கிறது. இரண்டாம் தடவையும் மிஸ் என்றே வந்தால் அமைப்பில் கோளாறு.

ஜியோவில் ஒரு தடவை, ஏர்டெல்லில் ஒரு தடவை, வீட்டு பிராட்பேண்டில் ஒரு தடவை பாருங்கள். ஒன்றில் சென்னை வந்து இன்னொன்றில் சிங்கப்பூர் வருவதுண்டு. எந்த வழியாகப் போவது என்பது இணைய நிறுவனத்துக்கும் சிடிஎன்னுக்கும் உள்ள இணைப்பைப் பொறுத்தது. '300 நகரங்களில் இருக்கிறோம்' என்ற விளம்பரத்தை விட இந்த மூன்றெழுத்து உங்களுக்கு உபயோகம்.

கேள்வி: 2025 நவம்பர் 18 அன்று சாயங்காலம் எங்கள் தளம் மூன்று மணி நேரம் திறக்கவில்லை. கிளவுட்ஃப்ளேர் கோளாறு என்றார்கள். வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாமா?

பதில்: அன்று எக்ஸ், சாட்ஜிபிடி எல்லாமே விழுந்தன, நீங்கள் மட்டுமல்ல. தரவுத்தளத்தில் ஒரு அனுமதி மாற்றம் செய்தார்கள். அதனால் பாட்களை (தானாக இயங்கும் நிரல்களை) தடுப்பதற்கான ஒரு கோப்பு இரு மடங்காகி, அதைப் படிக்கும் மென்பொருளின் வரம்பைத் தாண்டிவிட்டது. அவர்களே விவரமாக எழுதி வெளியிட்டார்கள். டிசம்பர் 5-ஆம் தேதி இன்னொரு தடவை, சுமார் 25 நிமிடம். ஆனால் ஃபாஸ்ட்லி என்ற சிடிஎன் 2021 ஜூன் 8-இல் விழுந்தது, அமேசானின் வர்ஜீனியா மையம் 2025 அக்டோபர் 20-இல் விழுந்தது. விழாத மரம் என்று ஒன்றைத் தேடி மாறினால் மாறிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

விழுந்து எழும் நிறுவனத்தை விட, மூடிவிட்டுப் போகும் நிறுவனம்தான் ஆபத்து. ஸ்டாக்பாத் 2024-இல் கடையைக் கட்டியது. லைம்லைட், எட்ஜ்காஸ்ட் இரண்டும் சேர்ந்து உருவான எட்ஜியோ 2024 செப்டம்பரில் திவால் மனு போட்டு, 2025 ஜனவரியில் சேவையை நிறுத்தியது. மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஷூர் வழியாக அதை வாங்கியவர்களும் அவசர அவசரமாக இடம் மாற வேண்டியதாயிற்று. சலுகை விலையில் மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள்.

கேள்வி: சிடிஎன் போட நேம்சர்வரை (டிஎன்எஸ் பதிவேடு இருக்கும் இடத்தை) மாற்றச் சொல்கிறார்கள். கம்பெனி மின்னஞ்சல் நின்றுவிடுமா?

பதில்: கவனிக்காமல் மாற்றினால் நிற்கும். பழைய டிஎன்எஸ்ஸில் மின்னஞ்சலுக்காக உள்ள எம்எக்ஸ், டிஎக்ஸ்டி பதிவுகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, புதிய இடத்தில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பின் மாற்றுங்கள். தானாக நகலெடுப்பதில் ஒன்றிரண்டு விடுபடும். கிளவுட்ஃப்ளேரில் மெயில் சர்வர் பெயருக்கு நேரே ஆரஞ்சு மேகம் (சிடிஎன் வழியாகப் போகிறது என்ற அடையாளம்) இருந்தால் அதைச் சாம்பல் நிறமாக்குங்கள். தளத்தின் பாதுகாப்புப் பூட்டான எஸ்எஸ்எல்-இல் 'ஃபுல் ஸ்ட்ரிக்ட்' வையுங்கள். 'ஃப்ளெக்ஸிபிள்' வைத்துவிட்டு, பக்கம் திறக்காமல் சுற்றிச் சுற்றி வருகிறதென்று புலம்புகிறவர்கள் நிறைய.

கேள்வி: சிடிஎன் கட்டணத்துக்கு டெபிட் கார்டில் ஒவ்வொரு மாதமும் பணம் போக மறுக்கிறது. ஜிஎஸ்டி வேறு குழப்புகிறது.

பதில்: 2021 அக்டோபர் 1 முதல், தானாகப் பிடிக்கும் கட்டணத்துக்கு ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் (முன் ஒப்புதல்) விதி வந்துவிட்டது. அதன்படி பதிவு செய்யாத வெளிநாட்டு நிறுவனங்களின் கழிப்பை வங்கி திருப்பி அனுப்பும். முன்பணம் போடும் முறை, வருடத்துக்கு ஒரே தடவை கட்டும் முறை இரண்டிலும் ஓடிபி போட்டு நீங்களே கட்டுவதால் பிரச்சினை குறைவு. அமேசான் இந்தியக் கணக்குக்கு ரூபாயில், 18% ஜிஎஸ்டியோடு பில் வரும். நேரடியாக வெளிநாட்டில் வாங்கினால், பதிவு பெற்ற வணிகராக நீங்களே ரிவர்ஸ் சார்ஜில் வரி கட்டி, உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டி எண்ணைக் கணக்கில் பதிந்துவிடுங்கள். ஆடிட்டரிடம் பில்களைத் தனி உறையில் கொடுங்கள்.

கேள்வி: 'எல்லாவற்றையும் கேஷ் (cache, நகலெடுத்து வைத்தல்) செய்' என்று ஒரு வசதி இருக்கிறதே, அதைப் போட்டால் கடைத் தளம் இன்னும் வேகமாகுமாமே?

பதில்: ஆகும். நான் ஒரு நண்பரின் மசாலாக் கடைத் தளத்துக்குப் போட்டேன். மறுநாள் காலை சேலத்து அம்மா ஒருவர் போன் செய்து, "தம்பி, என் கூடையில் யாரோ அஞ்சு கிலோ மல்லித்தூள் போட்டிருக்காங்க" என்றார். ஒருவருக்கு உருவான கூடைப் பக்கத்தை நகலெடுத்து எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தது. தப்பு முழுக்க என்னுடையது. நல்லவேளை, முகவரிப் பக்கம் அதில் சிக்கவில்லை. கூடை, செக்-அவுட், லாகின், 'என் கணக்கு' ஆகிய நான்கையும் கேஷிலிருந்து விலக்கும் விதியை முதலில் எழுதுங்கள். பிறகு இரண்டு போன்களில், இரண்டு வேறு கணக்குகளில் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு அந்தப் பொத்தானைத் தொடுங்கள்.